நேராக வந்த பந்து

மாப்ளே,

காலையிலிருந்து இந்த வெள்ளைப் பெயிண்ட் மணம் கையை விட்டு நகர மாட்டேன் என்கிறது. மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்துப் பார்த்தேன், அடுப்புச் சாம்பல் போட்டுத் தேய்த்தும் பார்த்தேன். நகக்கண்ணில் ஒட்டிக்கொண்டு அங்கேயே கிடக்கிறது. சனிக்கிழமை கிளப்பில் கோல்ஃப் பந்தயமாம். பழைய பந்துகளுக்கெல்லாம் சாயம் பூசிக் காயவைக்கச் சொல்லிப் புதுத் துரை ஆள் விட்டிருந்தார். கொட்டகைக்குப் பின்னால் சாக்கை விரித்து உட்கார்ந்தேன். முதல் பந்தை எடுத்து, உள்ளங்கையில் சாயத்தைத் தொட்டு உருட்ட ஆரம்பித்ததுதான் தாமதம், எதிரே நீ குந்தி உட்கார்ந்துவிட்டாய்.

"மச்சான், இதப் பாத்தா எனக்குக் கொழுக்கட்டை ஞாபகந்தான் வருது. ஒண்ணே ஒண்ண வேகவெச்சுப் பாப்பமா?" என்பாய். நீயும் நானும் மாற்றி மாற்றி உருட்டி, ஆணி அடித்த பலகையில் வரிசையாக வைப்போம். உன் கை பெரியது. ஒரே உருட்டில் பூசி முடித்துவிடுவாய். நான் இன்னும் உருட்டிக்கொண்டிருந்தால், "பந்துக்குத் தாலாட்டா பாடுற?" என்று சீண்டுவாய். இன்று பலகை நிறைவதற்குள் உச்சி வெயில் வந்துவிட்டது. சீண்ட ஆள் இல்லாவிட்டால் எனக்கு வேலையும் ஓடுவதில்லை.

எழுதி என்ன ஆகப்போகிறது என்று தெரிந்துதான் எழுதுகிறேன். உனக்கு வாசிக்க வராது. இப்போது நீ இருக்கும் இடத்துக்குத் தபாலும் கிடையாது. ஆனாலும் உன் பெயரில் ஒரு பழி ஒட்டிக்கொண்டிருக்கிறது. எச்சரித்தும் கேட்காமல் பந்துக்குக் குறுக்கே ஓடிச் செத்த மடையன் என்று. முதலில் துரைமார் சொன்னார்கள். பிறகு நம் ஆட்களும் அதையே சொல்லப் பழகிவிட்டார்கள். போன மாதம் கொழுந்து நிறுக்கிற இடத்தில் ஒரு சின்னக் கங்காணி உன் மகள் காதுபட அதைச் சொல்லிச் சிரித்திருக்கிறான். அவள் நேரே லயத்தில் என் ஒற்றை அறைக் காம்பராவுக்கு வந்து, "மாமா, எங்கப்பா மெய்யாவே அப்படித்தானா?" என்று கேட்டாள். அவளுக்குச் சொன்னதை உனக்கும் சொல்லிவிடுகிறேன். பட்டவன் நீ, பார்த்தவன் நான். பந்து புறப்பட்ட இடத்தில் என்ன நடந்தது என்று உனக்குத் தெரிய வழியில்லை.

நீ திருச்சிச் சீமையிலிருந்து கங்காணியோடு ஒற்றை ஆளாக வந்தவன். நானோ பதுளையில், அப்பா ஒரு செட்டியார் கடையில் மூட்டை தூக்கிய காலத்தில், மிஷன் பள்ளிக்கூடத்தில் நாலு எழுத்துப் படித்தவன். அவர் கண்ணை மூடியதும் அம்மாவையும் தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு மடுல்சீமைப் பக்கம் இந்தத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். எனக்கு அரைகுறை இங்கிலீஷ் தெரியும் என்று அப்போதிருந்த துரை தன் பந்தடித் தடிகள் இருக்கும் பையைத் தூக்க வைத்துக்கொண்டார். உனக்குக் கண் கூர்மை என்று, பந்து எங்கே விழுகிறது என்று தூரத்தில் நின்று பார்க்க உன்னை வைத்துக்கொண்டார். சனிக்கிழமை பின்னேரங்களில் நாம் இருவரும் மண்வெட்டி, கத்தி தொடாமல் திரிந்தது லயத்தில் பலருக்கு வயிற்றெரிச்சல்.

தங்கச்சியை உனக்குக் கொடுத்த பிறகும் நாம் ஒருவரையொருவர் 'வா, போ' என்று பேசுவதை விடவில்லை. அம்மாவுக்கு அது பொறுக்காது. "வீட்டு மாப்பிள்ளைய வா போன்னு பேசுறியே, ஒனக்கெல்லாம் ஒரு வாயா?" என்று என்னைத்தான் பிடிப்பாள். நீ குறுக்கே விழுந்து, "விடுங்கத்தே. தொரையே என்னைய வா போன்னுதான் பேசுறாரு. மச்சான் பேசுனா நான் என்ன கொறஞ்சா போயிருவேன்?" என்பாய். நீ சொன்னதும் உண்மைதான். துரையின் தமிழில் முக்கால்வாசி ஒற்றை எழுத்துதான். வா. போ. தா. அதற்கு மேல் நாலைந்து வசவு. இத்தனை பெரிய தோட்டத்தை நடத்த அவருக்கு அந்தத் தமிழ் போதுமாக இருந்தது.

மைதானத்தில் நீ நின்ற அந்தப் பாறை இப்போது இல்லை, மாப்ளே. வெடி வைத்து உடைத்து ரோட்டுக்குப் போட்டுவிட்டார்கள். அதனால் உன் மகளுக்கு அந்த இடத்தைக் கையால் வரைந்து காட்ட வேண்டியிருந்தது. மேலே மேடு, அங்கே நின்று துரை அடிப்பார். கீழே புல் சரிவு. சரிவின் நடுவில் ஆள் உயரத்துக்குப் பாறை. வலது பக்கம் முழுக்கத் தேயிலை. துரை அந்தப் பாறையைத்தான் குறி வைப்பார், பந்து ஒரு நாளும் அதன் கிட்டே வந்ததில்லை. பாதி தூரம் நேராகப் போவதுபோல் பாவலா காட்டிவிட்டு, அரிவாள் மாதிரி வலப்பக்கம் வளைந்து தேயிலைக்குள் சொருகிக்கொள்ளும். மற்றத் துரைமார் முதுகுக்குப் பின்னால் சிரிப்பார்கள். அவர் காது சிவந்துவிடும்.

நீ வேலைக்கு வந்த புதிதில் தேயிலை ஓரத்தில் நின்று பார்த்தாய், ஒருமுறை பந்து காதோரம் உரசிக்கொண்டு போனது. அடுத்த வாரமே பாறைக்குப் பின்னால் இடம் பிடித்துவிட்டாய். "தொரை எங்க குறி வெக்கிறாரோ அங்கதான் நிக்கணும் மச்சான். இந்த ஊவா மாகாணத்திலேயே பந்து வராத எடம் அது ஒண்ணுதான்" என்றாய். நானும் சிரித்தேன். அதைவிடப் புத்தியான ஏற்பாடு எனக்கும் தோன்றவில்லை.

பந்து தேயிலைப் பக்கம் வளையத் தொடங்கியதும் துரை வாயருகே கையைக் குவித்து 'போ!' என்று ஒரு குரல் கொடுப்பார். நீ பாறையின் வலப்பக்கமாகப் பாய்ந்து வெளியே வந்து, அண்ணாந்து பந்தைப் பிடித்த கண்ணோடு தேயிலைக்குள் ஓடுவாய். கொழுந்து பறிக்கிற பெண்கள் கூடை முதுகோடு திரும்பி, "தொரை போன்னுட்டாரு, ஓட்டத்தப் பாருடி" என்று கேலி செய்வார்கள். பந்தோடு திரும்பி வந்து அதை வேட்டியில் துடைத்துக் கொடுப்பாய். துரை தலையை ஆட்டுவார். வாரா வாரம் இதே கதைதான், ஒருவருக்கும் இதில் கேட்க ஒன்றும் இருக்கவில்லை.

அப்புறம்தான் அந்த வாத்தியார் வந்தார். சீமையில் பந்தடிக்கக் கற்றுக்கொடுப்பதையே பிழைப்பாக வைத்திருந்தவராம். கொழும்புக்கு வந்தவரை நம் துரை கடிதம் போட்டு வரவழைத்தார். பண்டாரவளை வரைக்கும் ரயில், அங்கிருந்து குதிரை. சிவப்பு மீசையும் குட்டைக் கழுத்துமாக வந்து இறங்கியவருக்கு நீதான் 'தடிவாத்தியார்' என்று பெயர் வைத்தாய். வந்த மறுநாள் மைதானத்தைப் பார்ப்பதற்காக மேட்டில் நின்று தானே இரண்டு பந்து அடித்தார். தேயிலை ஓரத்தில் ஆட்கள் நடமாடுவதைக் கண்டு தொண்டை கிழிய, 'போர்ர்ர்' என்று கத்தினார். நீ ஓடி வந்து என் காதில், "என்ன மச்சான், இவரு வந்ததும் வராததுமா சண்டைக்குக் கூப்புடுறாரு?" என்றாய். பையைக் கீழே போட்டுவிட்டு நான் சிரித்த சிரிப்பில் துரை திரும்பி முறைத்தார்.

பாடம் பங்களாவுக்குப் பின்னாலிருந்த புல்தரையில் நடந்தது. காலைப் பெரட்டில் ஆட்களைப் பிரித்து மலைக்கு அனுப்பியதும் துரை அங்கே வந்துவிடுவார். நீ அந்த நாட்களில் கவ்வாத்து மலையில் தேயிலைச் செடியின் தலையை வெட்டிக்கொண்டிருந்தாய். பக்கத்தில் நின்று பார்த்தவன் நான் ஒருவன்தான்.

முதல் நாள் பந்தே வைக்கவில்லை, பிடி மட்டும்தான். துரை கவ்வாத்துக் கத்தியைப் பிடிப்பதுபோல் தடியை நெரித்துப் பிடித்திருந்தார். வாத்தியார் அவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து மறுபடி வைத்தார். இடது கையை இன்னும் மேலே திருப்பினார். மேலேயிருந்து குறுக்கே வெட்டிக்கொண்டு வருகிறீர்கள், அதனால்தான் பந்து சுழன்று வலப்பக்கம் ஓடுகிறது என்று அவர் சொன்னது எனக்கே புரிந்தது. துரையின் வலது அக்குளில் ஒரு கைக்குட்டையைச் சொருகி, தடியை வீசும்போது இது விழக் கூடாது என்றார். அது விழுந்துகொண்டே இருந்தது. நான் எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தேன். இன்னொரு தடியைத் தரையில் கிடத்தி, அது காட்டுகிற திசையில் கை நீள வேண்டும் என்றார். அவசரப்படாதீர்கள், தலையைத் தூக்காதீர்கள், பந்து எங்கேயும் ஓடிவிடாது என்று திரும்பத் திரும்பச் சொன்னார். நம்மை நாயே பேயே என்று விரட்டுகிற துரை, அவர் முன்னால் பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி தலையாட்டிக்கொண்டு நின்றார்.

ஒரு காலையில் கைக்குட்டை விழவில்லை. பந்தில் தடி பட்ட சத்தமே வேறாக இருந்தது. உலர்ந்த கட்டை உடைவதுபோல் ஒரே ஒரு சத்தம். பந்து தாழப் புறப்பட்டு, மெல்ல ஏறி, எந்தப் பக்கமும் சாயாமல் போய் இறங்கியது. துரை என்னைப் பார்த்தார். அவர் என்னைப் பார்த்துச் சிரித்தது அந்த ஒரு தடவைதான். பொய் சொல்லக் கூடாது மாப்ளே, பார்க்க அழகாகத்தான் இருந்தது. எனக்கு உடம்பு சிலிர்த்தது.

அன்று பொழுது சாயும் நேரத்தில் உன் காம்பரா வாசலில் வந்து சொன்னேன். "மாப்ளே, தொரைக்குப் பந்து இப்ப நேராப் போகுது. அந்தப் பாறைப் பக்கம் நிக்காத."

நீ பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டிருந்தாய். "அது பொறவிக் கோணல் மச்சான். வாத்தியாரு மலையெறங்குனா அதுவும் பழையபடி திரும்பிரும்."

"அண்ணன் சொல்றத ஒரு தடவ கேட்டாத்தான் என்னவாம்?" என்றாள் தங்கச்சி அடுப்படியிலிருந்து.

"முன்னால பாறை நிக்குது புள்ள. நேரா வந்தா வரட்டுமே. பந்து என்ன பாறையத் தொளச்சுக்கிட்டா வரும்?"

யோசித்துப் பார்த்தால் நீ சொன்னது சரிதான். உன்னை மடையன் என்கிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். பாறைக்குப் பின்னால் நின்றவரைக்கும் உனக்கு ஒரு குறையும் வந்திருக்காது.

அந்தச் சனிக்கிழமை பக்கத்துத் தோட்டத்துத் துரைமாரெல்லாம் வந்திருந்தார்கள். புதுக் கைவரிசையைக் காட்ட நம் துரைக்கு ஆசை, கூடவே நடுக்கம். பந்தடிக்கிற முதல் இரண்டு மேட்டிலும் பழைய புத்திதான். பந்து வளைந்து தேயிலைக்குள் போனது. 'போ!' என்றார், நீ ஓடினாய். பந்தை எடுத்துத் தூக்கிக் காட்டிவிட்டு, துரைமார் பார்க்காத நேரம் பார்த்து, காற்றில் கையால் ஓர் அரிவாள் வளைவு போட்டு என்னைக் கேலி செய்தாய். தூரத்திலிருந்தே உன் பல் தெரிந்தது. பிறகு பாறை மேட்டுக்கு வந்தோம்.

துரை நின்றார். அக்குளில் கைக்குட்டை இல்லை, இருப்பதுபோலவே கையை ஒடுக்கி வைத்துக்கொண்டார். வாத்தியார் மெதுவாக ஏதோ சொன்னார். தடி ஏறியது, இறங்கியது. அந்தச் சத்தம் கேட்டது. அண்ணாந்து பார்க்காமலே எனக்குத் தெரிந்துவிட்டது. பந்து பாறையைப் பார்த்துப் போனது, பாறைக்கு ஒரு முழம் வலப்பக்கமாக. அடித்த சந்தோஷத்தில் துரை ஒரு கணம் தடியை இறக்காமல் நின்றார். அப்புறம் பாறை ஓரத்தில் உன் தலைப்பாகையின் நுனி அவர் கண்ணில் பட்டிருக்க வேண்டும். முகம் வெளுத்தது. கையைக் குவித்துக் கத்தினார்.

நீ எப்போதும்போல் பாறையின் வலப்பக்கமாகப் பாய்ந்து வெளியே வந்தாய். தேயிலைக்கு மேலே வானத்தைத் தேடினாய், பந்து அங்கேதான் இருக்கும் என்று. அங்கே இல்லை.

நெற்றிப்பொட்டில் பட்டிருந்தது. இரத்தம் கூட அதிகம் இல்லை. கம்பளியில் கிடத்தி நாலு பேர் தூக்கிக்கொண்டு தோட்டத்து மருந்துக் கொட்டகைக்கு ஓடினோம். துரையும் தொப்பி இல்லாமல் கூடவே ஓடி வந்தார், அதையும் சொல்ல வேண்டும். வழியில் ஒரே ஒரு தடவை கண்ணைத் திறந்தாய். "பந்து எங்க விழுந்துச்சு மச்சான்? நான் பாக்கல" என்றாய். "கெடைச்சிருச்சு, நீ பேசாம வா" என்றேன். கிடைக்கவில்லை. அன்றைக்கு அதை யாரும் தேடவும் இல்லை. தங்கச்சி மலையிலிருந்து ஓடி வந்தாள். கொழுந்துக் கூடையை இறக்கக் கூட நினைப்பில்லாமல், அதை முதுகில் சுமந்தபடியே உன் பக்கத்தில் உட்கார்ந்தாள். பிறகு நான்தான் அவள் தலையிலிருந்து கூடைக் கயிற்றை எடுத்துவிட்டேன். அதற்குள் நீ அடங்கிவிட்டாய்.

விசாரணைக்கு நீதவான் துரை தோட்டத்துக்கே வந்தார். ஆபீசில் மேசை போட்டிருந்தார்கள். நம் ஆட்கள் வெளியே வராந்தாவுக்குக் கீழே நின்றார்கள், தங்கச்சி பிள்ளையோடு முன்னால். துரை எழுந்து சொன்னார். ஆள் பாறை மறைவில் இருந்தான், நான் சத்தமாக எச்சரித்தேன், எச்சரித்ததும் அவன் வெளியே ஓடி வந்தான் என்று. மற்றவர்களும் அதையே சொன்னார்கள். ஒருவரும் பொய் சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறாமல் கிடக்கிறது. பொய் என்றால் மறுத்துப் பேசியிருக்கலாம். பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். பேசுவதை இரண்டு பக்கமும் மாற்றிச் சொல்ல ஒரு துபாஷி இருந்தார், யாழ்ப்பாணத்துப் பெரியவர், தங்க விளிம்புக் கண்ணாடி.

"துரை கத்தினது உமக்குக் கேட்டதோ?"

"கேட்டுச்சுங்க."

"என்ன சொன்னவர்?"

"போன்னாருங்க."

துபாஷி கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். "என்ன?"

"போ. போன்னு சொன்னாருங்க. எப்பவும் அப்படித்தாங்க சொல்லுவாரு. சொன்னதும் எங்க மாப்பிள்ளை ஓடுவாருங்க. அதாங்க அவரு வேலை."

துபாஷி அதை இங்கிலீஷில் சொன்னார். பிறகு ஓரத்தில் ஒரு துரை பக்கென்று சிரித்தார். அது அப்படியே பரவியது. நீதவான் கூட மீசையைத் துடைப்பதுபோல் வாயை மறைத்துக்கொண்டார். நம் துரை மட்டும் சிரிக்கவில்லை, மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். துபாஷி என்னிடம் தணிந்த குரலில் சொன்னார். "அது தமிழில்லையப்பா. பந்தடிக்கிற வெள்ளைக்காரர் சொல்லுற இங்கிலீஷ் சொல். ஃபோர் எண்டு. பந்து வருகுது, தலையைக் காப்பாற்று எண்டு கருத்து."

எத்தனை சனிக்கிழமை, மாப்ளே! தலையைக் காப்பாற்று என்று அவர் ஒவ்வொரு சனிக்கிழமையும் உனக்குச் சொல்லியிருக்கிறார். நீ ஒவ்வொரு சனிக்கிழமையும் தலையை நீட்டிக்கொண்டு ஓடியிருக்கிறாய். பள்ளிக்கூடத்துப் புத்தகத்தில் அந்தச் சொல் இல்லை, என் அரைகுறை இங்கிலீஷுக்கும் அது எட்டவில்லை. நம் துரை விழுங்கிய 'ர்'ரைத் தடிவாத்தியார் உருட்டிக் கத்தியபோது சிரித்தோமே தவிர, இரண்டும் ஒரே சொல் என்று யாருக்குத் தெரியும்? நம்மை நோக்கிக் கத்துகிற துரை நம்மை விரட்டத்தான் கத்துகிறார் என்பது நமக்குப் பழகிப்போயிருந்தது. எச்சரிப்பார் என்று எதிர்பார்க்க நமக்கு எந்தக் காரணமும் இருந்ததில்லை. துரைமாரும்தான் இத்தனை காலம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எச்சரிக்கை கொடுத்தால் ஒரு மனிதன் ஏன் ஓடி வெளியே வருகிறான் என்று அந்தக் கூட்டத்தில் ஒருவருக்குக் கூட ஒரு நாளும் கேட்கத் தோன்றவில்லை. அந்த ஆத்திரம் எனக்கு இன்னும் தணியவில்லை, தணியவும் வேண்டாம்.

நான் சொன்னது எதுவும் எடுபடவில்லை. எச்சரிக்கப்பட்ட ஆள், தன் சொந்த அஜாக்கிரதையால் இறந்தான் என்று முடிவு சொன்னார்கள். துபாஷி வராந்தாவுக்கு வந்து அதைத் தமிழில் உரக்கச் சொன்னார்.

"அஜாக்கிரதைன்னா என்னண்ணே?" என்று தங்கச்சி என்னைக் கேட்டாள்.

"கவனமில்லாமப் போனாருங்கிறாங்க."

அவள் பிள்ளையை அம்மாவிடம் கொடுத்துவிட்டு வராந்தாப் படியில் ஏறினாள். கங்காணி தடுத்தார், கையைத் தட்டிவிட்டாள். நம் லயத்துப் பெண் ஒருத்தி அந்தப் படியில் ஏறி நான் பார்த்ததில்லை. துரைக்கு எதிரே போய் நின்று, அவருக்கும் புரிகிற தமிழில் கேட்டாள். "நீங்க போன்னீங்க. அவரு போனாரு. இதுல எங்கய்யா இருக்கு அஜாக்கிரதை?"

சிரிப்பு எங்கேயோ போய்விட்டது. துரை வாயைத் திறந்தார். அவருக்கு ஏதோ சொல்ல வேண்டும் என்று இருந்தது, அது முகத்தில் தெரிந்தது. ஆனால் அவரிடம் இருந்த தமிழ் அவ்வளவுதான். கையை லேசாக நீட்டி, எவ்வளவு மெதுவாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு மெதுவாக, "போ," என்றார். "வீட்டுக்குப் போ."

அவள் போகவில்லை. அந்த இடத்திலேயே, அவர் காலடியில், தரையில் உட்கார்ந்துவிட்டாள். கங்காணி கெஞ்சினார், கணக்கப்பிள்ளை மிரட்டினார். அசையவில்லை. நீதவானும் துரைமாரும் அவளைச் சுற்றி ஒதுங்கி நடந்து, ஒருவர் பின் ஒருவராகக் குதிரை ஏறிப் போனார்கள். கடைசியில் நம் துரையும் எழுந்து போனார். எல்லோரும் போன பிறகுதான் உன் பெண்சாதி எழுந்தாள்.

துரை கொஞ்ச காலம் மைதானத்துக்கு வரவில்லை. அப்புறம் வந்தார். வாத்தியார் கொடுத்த கை அவரை விட்டுப் போகவில்லை, பந்து நேராகவே போனது. ஒரு நாள் என்னிடம் தலையைத் தாழ்த்திக் காட்டி, இதற்குத் தமிழில் என்ன என்று கேட்டார். குனி என்றேன். அதன் பிறகு அடிக்கும்போதெல்லாம் 'கூனி, கூனி' என்று கத்துவார். மற்றத் துரைமார் அவரைக் கேலி செய்தார்கள். நம் ஆட்கள் சிரிக்காமல் குனிந்தார்கள். அவர் ஒரு தமிழ்ச் சொல் படிக்க நீ சாக வேண்டியிருந்தது என்று அப்போது நினைத்தேன், இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். ஜெர்மன்காரனோடு நடந்த பெரிய சண்டை முடிந்த கையோடு அவர் சீமைக்குப் போய்விட்டார். தங்கச்சி இன்னும் கொழுந்துக்குப் போகிறாள். மொட்டையாகப் 'போ' என்று எந்தக் கங்காணி சொன்னாலும் நகர மாட்டாள். "போம்மா" என்று அவன் சொல்லும்வரை கூடையை மாட்டிக்கொண்டு நிற்பாள். அவளோடு மல்லுக்கட்டி ஓய்ந்து, இப்போது எல்லோரும் சொல்லிவிடுகிறார்கள்.

இவ்வளவையும் உன் மகள் குறுக்கே பேசாமல் கேட்டாள். முடிந்ததும், "அப்ப, சொன்னதக் கேக்காமச் செத்தாருங்கிறது பொய்யி மாமா. சொன்னதக் கேட்டுத்தான் செத்திருக்காரு," என்றாள். அடுத்த நாள் கொழுந்து நிறுக்கிற இடத்தில் அந்தச் சின்னக் கங்காணியிடமும் எல்லோர் முன்னாலும் அதையே சொல்லியிருக்கிறாள்.

போன வாரம் அவளைக் கட்டிக்கொடுத்தோம், மாப்ளே. கொஸ்லந்தப் பக்கம் ஒரு தோட்டம், பையன் நல்ல மாதிரி. பதுளைக்கு இப்போது ரயிலே வந்துவிட்டது, ஸ்டேஷன்வரை வண்டி கட்டியிருந்தோம். லயமே வாசலில் திரண்டு நின்றது. தகப்பன் இல்லாத பெண்ணுக்குத் தாய்மாமன்தான் முதலில் விடைகொடுக்க வேண்டும் என்று என்னை முன்னால் தள்ளினார்கள். அவள் காலில் விழுந்து எழுந்து, என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எல்லோரும் சொல்கிற சாதாரணப் பேச்சுதான், 'போயிட்டு வா' என்று சொல்ல வேண்டும். எனக்கு வரவில்லை. "சொல்லுண்ணே, நேரமாகுது" என்றாள் தங்கச்சி. நாக்கை எப்படியோ புரட்டி, "வா" என்று மட்டும் சொன்னேன்.

"நான் இன்னும் போகவே இல்லையே மாமா" என்று உன் மகள் சிரித்தாள். கூட்டமும் சிரித்தது. வண்டி வளைவு திரும்பும்வரை நின்று, அந்த முன் பாதியைச் சொல்லிவிடப் பார்த்தேன். வாய்க்குள்ளேயே கிடக்கிறது, மாப்ளே. உன்னை அனுப்பிய சொல் அது, என் வாயால் அதை யாருக்கும் கொடுக்க முடியவில்லை.